நாற்பத்தொன்றாம் பக்கத்து ராட்சசன்

அவளிடம் மணி கேட்டால் நேராக மணி வராது. கடிகாரத்தின் சட்டம் என்ன நிறம், கண்ணாடியில் எந்த மூலையில் விரிசல், பெரிய முள் ஆறுக்குப் பக்கத்தில் வரும்போது எப்படிக் கொஞ்சம் தயங்குகிறது என்பதெல்லாம் முதலில் வரும். பிறகுதான் மணி. அதற்குள் கேட்டவருக்கு இரண்டு நிமிஷம் போயிருக்கும்.

அவளுக்கு 'வர்ணனை' என்று பெயர் வைத்தது கணவர்தான். அவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவர். நாள் முழுக்க ஊரார் பார்வையைச் சரிசெய்துவிட்டு வீட்டுக்கு வந்தால், பக்கத்து வீட்டில் வந்து இறங்கிய புது சோபாவைப் பற்றிக் கால்மணி நேரம் கேட்டாக வேண்டும். "நானே போய்ப் பாத்துட்டு வந்துடறேனே, சீக்கிரம் முடிஞ்சிடும்" என்பார். ஆனால் போகமாட்டார். அவள் சொல்லிக் கேட்டுவிட்டு நேரில் போய்ப் பார்த்தால் எந்த சோபாவும் சப்பென்றுதான் இருக்கும் என்பது அவருடைய அனுபவம்.

அவளுக்கு இருபத்திரண்டு வருஷம் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர் வேலை. எழுதிக் கொடுத்ததைப் படித்தால் போதும். அவளுக்குப் போதாது. "நான்காம் நடைமேடையில், ஒரு பக்க விளக்கு எரியாமல், எஞ்சின் இருமிக்கொண்டு நிற்கிற பேருந்து" என்று ஒலிபெருக்கியில் ஊருக்கே சொல்வாள். ஓட்டுநர்கள் கூட்டமாக வந்து புகார் கொடுத்தார்கள். மேலாளர் கூப்பிட்டுப் பிடி பிடியென்று பிடித்தார். ஒரு வாரம் அடக்கமாக இருந்தாள். எட்டாம் நாள் ஒரு பேருந்தின் கூரையில் யாரோ ஏற்றிவிட்டுப் போன கட்டிலைப் பார்த்தாள், அவ்வளவுதான்.

பேருந்து நிலையத்தில் ஓய்வு கொடுத்த மறு மாதமே, பெரிய நூலகத்தின் பேசும் புத்தகப் பகுதியில் அவளைச் சேர்த்துக்கொண்டார்கள். கண் தெரியாதவர்கள் கேட்பதற்காகப் புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்கிற இடம் அது. மாடிப்படிக்குக் கீழே, நாலு சுவரிலும் மெத்தை வைத்துத் தைத்த ஒரு சின்ன அறை. பதிவு ஓடும்போது மின்விசிறி கூடாது, வளையல் கூடாது, கிரீச்சிடுகிற நாற்காலி கூடாது. படம் வந்தால் படத்தையும் வாயால் சொல்ல வேண்டும். சம்பளம் கொடுத்து வர்ணிக்கச் சொல்கிற ஓர் இடம் உலகத்தில் இருக்கிறது என்று தெரிந்த அன்றைக்கு அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

பகுதித் தலைவரை எல்லோரும் முதுகுக்குப் பின்னால் 'முத்திரை' என்பார்கள். எந்தப் புத்தகம் வந்தாலும் நாற்பத்தொன்றாம் பக்கத்தில், வலதுபக்கக் கீழ்மூலையில், ஊதா மையில் ஒரு வட்ட முத்திரை குத்தினால்தான் அவருக்குச் சாப்பாடு இறங்கும். திருடுகிறவன் முதல் பக்கத்து முத்திரையைக் கிழிப்பான், கடைசிப் பக்கத்து முத்திரையைக் கிழிப்பான், நாற்பத்தொன்று அவன் புத்திக்கு எட்டாது என்பது அவர் கணக்கு. அந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று அவர் பார்த்ததில்லை. சமையல் புத்தகம், சட்டப் புத்தகம், எல்லாம் ஒன்றுதான். அவளிடம் அவர் சொன்ன விதியும் ஒன்றே ஒன்றுதான். "மேடம், பக்கத்துல இருக்கிறதைச் சொல்லுங்க. இல்லாததைச் சொல்லாதீங்க. பதிவு அறைக்குள்ள டீ எடுத்துட்டுப் போகாதீங்க." மூன்று விதியை ஒரு விதி என்று சொல்கிறாரே என்று நினைத்துக்கொண்டே அவள் தலையாட்டினாள். பைக்குள் பிளாஸ்க் இருந்தது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அந்தப் புத்தகம் வந்தது. மாயக்கதை. ஒரு ராட்சசன் மல்லாந்து படுத்திருக்கிறான். அவன் மேலேயே ஓர் ஊர் கட்டிக் குடியிருக்கிறார்கள். கிணறுகள் வற்றிப்போகின்றன. தண்ணீர் எங்கே போனது என்று அவன் காதில் கேட்டுவர ஒரு சிறுமி விளக்கை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறுகிறாள். அவன் தூங்குகிறானா, விழித்திருக்கிறானா என்று கதையில் ஒரு வரிகூட வராது. அதைப் படம்தான் சொல்ல வேண்டும். அந்தப் படம் நாற்பத்தொன்றாம் பக்கத்தில், பக்கம் முழுக்க.

எல்லாம் மெல்லிய கறுப்பு மைக்கோடு. அதன்மேல் நீர்வண்ணம். வரைந்தவர் விலா எலும்புகளைத் தெருக்களாக ஆக்கி, ஒவ்வொரு தெருவிலும் ஜன்னல் ஜன்னலாகக் கீறியிருந்தார். மை என்றால் நகத்தால் கீறுகிற மாதிரி, நீர்வண்ணம் என்றால் ஈரத்துணி பட்டுப் பரவின இடம் மாதிரி என்று பதிவில் சொல்ல அவள் முன்னதாகவே யோசித்து வைத்திருந்தாள். அவள் வேலைமுறை அப்படி. முதல் நாள் படத்தைப் பார்த்து நோட்டில் குறிப்பு, மறுநாள் பதிவு.

முதல் நாள் குறிப்பில் 'ராட்சசன் தூங்குகிறான், கண் மூடியிருக்கிறது' என்று எழுதினாள். மறுநாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால், இடது கண்ணின் ஓரத்தில் ஒரு துளி! 'நேற்று என் கண் எங்கே போயிருந்தது' என்று நோட்டில் தன்னைத்தானே திட்டி எழுதிவிட்டுப் பதிவைத் தொடங்கினாள். "ராட்சசன் தூங்கவில்லை. தூங்குகிற மாதிரி கிடக்கிறான். கண்ணோரத்தில் ஒரே ஒரு துளி, இளம் பழுப்பு நிறத்தில். அவனுக்கு எல்லாம் கேட்கிறது" என்று சொல்லும்போது குரல் கம்மியது. திரும்பப் பதிவு செய்யவில்லை. அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

பதிவு வெளிவந்த முதல் செவ்வாய்க்கிழமை, மதியச் சாப்பாட்டு வேளையில் ஒரு போன் வந்தது. மருத்துவமனை எக்ஸ்சேஞ்சில் வேலை பார்க்கிற டெலிபோன் ஆபரேட்டர். பிறவியிலேயே கண் தெரியாதவர்.

"அக்கா, அந்த ராட்சசன் படத்துல வானத்துக்கு மட்டும் நாலு நிமிஷம் எடுத்துக்கிட்டீங்க. அதுக்குள்ள நான் ரெண்டு பேரை எலும்பு டாக்டருக்குப் போட்டுக் குடுத்துட்டேன்."

"வானம் பெருசு தம்பி."

"சரி, அதை விடுங்க. அந்தக் கண்ணீர். பழுப்புன்னீங்களே, கண்ணீருக்கு நிறம் கிடையாதுன்னு சொல்றாங்க?"

அவள் வாய் தானாகப் பேசியது. "மண்ணால ஆன ராட்சசன் தம்பி. மண்ணு ஊறி வந்தா பழுப்பாத்தானே இருக்கும்."

"அட!" என்றார் ஆபரேட்டர். அந்த 'அட'வை அவள் ஒரு வாரம் வீட்டில் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அதிலிருந்து செவ்வாய்தோறும் போன். நிறங்களை அவர், பார்த்தேயிராத தூரத்துச் சொந்தக்காரர்களைப் போல நலம் விசாரிப்பார். "இந்தப் புத்தகத்துல பச்சை எப்படி இருக்கு? போன தடவை ரொம்பச் சோர்ந்து இருந்துச்சே?" என்பார். சண்டையும் போடுவார். ஒருநாள் சண்டைக்கு நடுவில் சொன்னார்: "மத்தவங்கல்லாம் எனக்கு எது கேட்டா சந்தோஷமா இருக்கும்னு பாத்துச் சொல்றாங்க. நீங்க ஒருத்தர்தான் இருக்கிறதைச் சொல்றீங்க. பஸ் ஸ்டாண்டுலயே உங்களைத் தெரியும். 'எஞ்சின் இருமிக்கிட்டு நிக்கிற பஸ்'னு சொல்வீங்க பாருங்க, அந்த இருமலைக் கேட்டுத்தான் நான் தினமும் பஸ் ஏறினேன்." அன்றைக்கு அவளுக்கு வாயடைத்துப்போனது. கணவரால் முப்பது வருஷமாக முடியாத காரியம்.

இவ்வளவும் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை ஆபரேட்டர் ஒரே உற்சாகமாகக் கூப்பிட்டார்.

"அக்கா, பாப்பாவுக்கு அந்த ராட்சசன் புத்தகத்தை வாங்கிட்டேன். அச்சுப் புத்தகம். சனிக்கிழமை காலையில வருது."

பாப்பா அவர் மகள். எட்டு வயசு. அவளுக்கு நல்ல கண். சின்னதில் அப்பா சொல்கிற கதைப் படங்களையெல்லாம் வாய் பிளந்து கேட்டவள்தான். இப்போது கொஞ்சநாளாக மாறியிருந்தாள். அப்பா ஏதாவது படத்தைப் பற்றிப் பேச்செடுத்தால், "உங்களுக்குத்தான் தெரியாதேப்பா" என்கிறாளாம். கெட்ட எண்ணமாக இல்லை, சும்மா, மழை பெய்கிறது என்று சொல்வதுபோல.

"அவ சொல்றது நியாயம்தான் அக்கா. ஆனா கேக்கும்போது ஒரு மாதிரி இருக்கு. அதான் பந்தயம் கட்டிட்டேன். 'நீ புத்தகத்தைப் பாக்கறதுக்கு முன்னாடியே சொல்றேன், அந்த ராட்சசன் தூங்கல, அழறான், இடது கண்ணு ஓரத்துல ஒரு துளி இருக்கு, நீயே பாத்து எங்கிட்ட சொல்லு'ன்னு. இந்த ஒரு படத்துல நான் ஜெயிச்சிட்டா போதும். அப்புறம் அப்பா சொன்னா இருக்கும்னு ஆயிடும்."

"கண்டிப்பா ஜெயிப்பீங்க தம்பி" என்றாள் வர்ணனை.

வியாழக்கிழமை முத்திரை ஒரு பார்சலோடு வந்தார். ராட்சசன் புத்தகத்தின் பழைய பிரதிக்குத் தையல் விட்டுப்போனதால் புதுப் பிரதி வரவழைத்திருந்தார். முத்திரையும் அப்போதே குத்தியாகிவிட்டது, மை காயவில்லை. பழைய நண்பனைப் பார்க்கிற ஆசையில் அவள் நாற்பத்தொன்றைத் திருப்பினாள். இடது கண்ணோரத்தில் ஒன்றுமில்லை. வெள்ளைக் காகிதம். கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தாள். விளக்குக்குக் கீழே கொண்டுபோய்ப் பார்த்தாள். ராட்சசன் சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்தான்.

பழைய பிரதியை வீட்டுக்கு எடுத்துப்போனாள். கணவர் லென்ஸ் பார்க்கிற கண்ணாடியை ஒரு கண்ணில் செருகிக்கொண்டு குனிந்தார்.

"ஓரத்துல கறுப்பா வளையம், நடுவுல வெளுப்பு. இது டீ."

"நல்லாப் பாருங்க."

"நல்லாத்தான் பாத்தேன். பக்கத்துல இன்னும் ரெண்டு புள்ளி இருக்கு பாரு, பிளாஸ்க் மூடி தட்டினா இப்படித்தான் தெறிக்கும்."

நோட்டைத் தேடி எடுத்தாள். முதல் நாள், 'தூங்குகிறான்.' இரண்டாம் நாள், 'நேற்று என் கண் எங்கே போயிருந்தது.' இடையில் ஒரு பிளாஸ்க். அவளுக்குப் பயமாகிவிட்டது. முத்திரை திட்டுவார் என்பதற்காக இல்லை. திட்டினால் கேட்டுக்கொள்ளலாம். ஒரு மனுஷன் தன் பிள்ளையிடம் தன் வார்த்தையைப் பந்தயம் வைத்திருக்கிறான், அதற்கு ஜாமீன் இவளுடைய டீ.

"சனிக்கிழமைக்குள்ள சொல்லிடு" என்றார் கணவர். அன்றைக்கு அவர் கேலி செய்யவில்லை. அதுவே அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை எக்ஸ்சேஞ்சுக்குப் போன் போட்டாள். "வணக்கம், மருத்துவமனை" என்று அவர் அலுவல் குரலில் எடுத்தார். "தம்பி, நான்தான்" என்றாள். "அக்கா, ஒரு நிமிஷம் இருங்க" என்று சொல்லி லைனை வேறு எதற்கோ திருப்பினார். யாரோ ஒரு அம்மா காது டாக்டரைக் கேட்டுக் கத்தினாள். திரும்ப வந்தார். "சொல்லுங்க அக்கா." சொல்ல வாயெடுத்தாள். இன்னொரு மணி அடித்தது. மூன்றாவது தடவை அவர் வந்தபோது, இருபத்திரண்டு வருஷம் ஊருக்கே கேட்கப் பேசினவளுக்குக் குரல் வரவில்லை. "ஒண்ணுமில்ல தம்பி, நாளைக்கு வீட்டுப் பக்கம் வர்றேன்" என்று வைத்துவிட்டாள்.

சனிக்கிழமை பேருந்து வழியில் நின்றுபோனது. எஞ்சின் இருமியது என்று அவள் ஏறும்போதே சொன்னாள், யாரும் கேட்கவில்லை. ஆபரேட்டர் வீட்டு வாசலை அடையும்போது பன்னிரண்டு மணி. கதவைத் திறந்தது பாப்பா. முன்பல் ஒன்று இல்லை, கையில் ஒரு பிளாஸ்டிக் பூதக்கண்ணாடி.

உள்ளே ஒரே அறை, ஜன்னலோரம் மேசை. மேசைமேல் புத்தகம் திறந்து கிடந்தது. பக்கத்தில் ஆபரேட்டர், காலையில் அரைகுறையாகச் சவரம் செய்த முகத்தோடு.

"வாங்க அக்கா. காலையிலேர்ந்து இங்க ஒரே போராட்டம்."

"தம்பி, நான் ஒண்ணு சொல்லணும்." உட்காரக்கூட இல்லை, நின்றபடியே சொன்னாள். "அது கண்ணீர் இல்ல. என்னோட டீ. பிளாஸ்க்கை ஒளிச்சு வச்சுக் குடிச்சேன், பக்கத்துல தெறிச்சிருக்கு, அது தெரியாம மறுநாள் கண்ணீர்னு சொல்லிட்டேன். மண்ணு ஊறி வந்துச்சுன்னு சொன்னதும் நானா சொன்னதுதான். இல்லாததைச் சொல்லிட்டேன். என்னை மன்னிச்சிடுங்க."

வர்ணனை வாழ்க்கையில் ஒரு விஷயத்தை இவ்வளவு சுருக்கமாகச் சொன்னது அதுதான் முதல் தடவை. ஆபரேட்டர் திறந்து கிடந்த பக்கத்தின்மேல் கையை வைத்தார். அவர் முகத்தைப் பார்க்க அவளுக்குத் தைரியம் இல்லை.

"மூணு வருஷமா," என்றார் கடைசியில், "நான் உங்க டீயை நினைச்சு அழுதிருக்கேன்."

"தம்பி..."

"ரெண்டு தடவை லீவு போட்டேன்." அவர் சிரிக்கப் பார்த்தார், சரியாக வரவில்லை. "கண்ணீர் இல்லைன்னு இவ எட்டு மணிக்கே சொல்லிட்டா அக்கா. நான்தான் விடல. 'அக்கா சொன்னா இருக்கும், நல்லாத் தேடு'ன்னு சொன்னேன்."

"எவ்ளோ தேடுனேன் தெரியுமா?" என்றாள் பாப்பா. "முதல்ல கண்ணு. கண்ணுல ஒண்ணுமே இல்ல. அப்புறம் ஒருவேளை கண்ணீர் வழிஞ்சு கீழ போயிருக்கும்னு கன்னத்துல தேடுனேன். அப்புறம் கழுத்துல. கழுத்துல ஒரு கடை இருக்கு, அங்க ஒரு பூனை. அப்பாக்கிட்ட சொன்னேன். அப்புறம் நெஞ்சுல, தெரு தெருவா."

"நாலு மணி நேரம்" என்றார் அப்பா. "இத்தனை நாள்ல ஒரு படம் காட்டி இவ எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னதில்ல. 'படம்பா'ன்னு சொல்லிட்டுப் பக்கத்தைத் திருப்பிடுவா. இன்னைக்கு நாலு மணி நேரம் வாய் மூடல. உங்களை மிஞ்சிட்டா அக்கா. ஒரு ஜன்னலை விடல."

"ஆனா நீங்க சொன்னது தப்பு இல்லப்பா" என்றாள் பாப்பா, பூதக்கண்ணாடியைக் கீழ்மூலையில் வைத்து. "அதைத்தான் சொல்ல வந்தேன், அதுக்குள்ள இவங்க வந்துட்டாங்க. அவன் தூங்கல."

வர்ணனை குனிந்து பார்த்தாள். வலதுபக்கக் கீழ்மூலை. ஏணியின் கால் ராட்சசனின் உள்ளங்கையில் ஊன்றியிருந்தது. அவன் சுண்டுவிரல் மட்டும் மடங்கி, ஏணி வழுக்காமல் இருக்க அதன் காலைச் சுற்றிப் பிடித்திருந்தது. அவ்வளவு சின்னக் கோடு, ஒற்றைப் பேனா முனையால் போட்டது. தூங்குகிறவன் விரல் அப்படிப் பிடிக்காது.

பையிலிருந்து பழைய பிரதியை எடுத்து அந்தப் பக்கத்தைத் திருப்பினாள். சரியாக அந்த இடத்தில், கொழுகொழுவென்று, ஊதா நிறத்தில், நூலகத்தின் வட்ட முத்திரை. இல்லாத கண்ணீரை அவள் போட்டாள். இருந்த விரலை முத்திரை மறைத்தார். இரண்டு பேரும் சேர்ந்து அந்த ராட்சசனைப் படுத்தின பாட்டுக்கு அவன் நிஜமாகவே அழுதிருக்கலாம்.

"எப்படிப் பிடிச்சிருக்கான்?" என்று கேட்டார் ஆபரேட்டர்.

வர்ணனைக்கு வாய் பரபரவென்று வந்தது. சொல்வதற்கு மூன்று நிமிஷத்துக்குக் குறையாமல் அவளிடம் இருந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

பாப்பா அப்பாவின் வலது கையை எடுத்து மேசைமேல் மல்லாக்க வைத்தாள். தன் இரண்டு விரல்களை ஏணியாக்கி அவர் உள்ளங்கையில் நிறுத்தினாள். பிறகு அவருடைய சுண்டுவிரலை மெதுவாக மடக்கி, தன் விரல்களைச் சுற்றி வைத்தாள்.

"இப்படிப்பா."

அவர் கையை எடுக்கவில்லை. பாப்பாவும் எடுக்கவில்லை. வர்ணனை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அழுகை வந்துவிட்டது, அதை மறைக்க அவளுக்குத் தெரியாது.

"அப்ப பந்தயம்?" என்றார் அவர்.

"நீங்கதான் ஜெயிச்சீங்க" என்றாள் பாப்பா. "கண்ணீர் மட்டும் தப்பு. அடுத்த பக்கம் திருப்பவா? அதுல என்ன இருக்குன்னு நான் சொல்றேன், நீங்க அது சரியான்னு சொல்லுங்க."

திங்கட்கிழமை அவள் முத்திரையிடம் போய் டீயை ஒப்புக்கொண்டாள். அவர் எழுந்து நின்று திட்டத் தொடங்கினார். பாதியில் அவள் பழைய பிரதியையும், பாப்பாவிடம் இரவல் வாங்கி வந்த பிரதியையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தாள். அவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் உட்கார்ந்துவிட்டார். இப்போதெல்லாம் புதுப் புத்தகம் வந்தால் முத்திரைக்கட்டையைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவள் மேசைக்கே வருகிறார். "மேடம், இந்த மூலையில ஏதாவது இருக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் குத்துகிறார். அவள் மூலையைப் பற்றிச் சொல்லி முடிப்பதற்குள் கட்டையில் மை காய்ந்துவிடுகிறது.

படத்தைப் புதிதாகப் பதிவு செய்தாள். அடுத்த செவ்வாய்க்கிழமை போன் வந்தது.

"அக்கா, உடம்பு சரியில்லையா? வானம் ஒண்ணரை நிமிஷத்துல முடிஞ்சிடுச்சு."

"முடிக்கணும்னு முடிச்சேன் தம்பி. விரலுக்கு நேரம் வேணும்ல."

"அதுவும் கேட்டேன். நீங்க அங்க வர்ணிக்கவே இல்லையே. 'அவன் சுண்டுவிரல் ஏணியின் காலைச் சுற்றிப் பிடித்திருக்கிறது, எப்படி என்று காட்டச் சொல்லிப் பக்கத்தில் இருக்கிறவரிடம் உங்கள் கையைக் கொடுங்கள்'னு மட்டும் சொல்லிட்டு அரை நிமிஷம் சும்மா விட்டுட்டீங்க."

"ஏன், பிடிக்கலையா?"

"பாப்பா பக்கத்துலதான் இருந்தா" என்றார் ஆபரேட்டர். "அரை நிமிஷம் பத்தலைங்க அக்கா."